மூன்று பேருக்குள் இருக்கட்டும்

1

ஜெர்மனிக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஊரிலிருந்து பேசுகிறவர்கள், அங்கே போய் என்னென்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்கிறார்கள். குப்பையை நான்கு தொட்டிகளில் பிரித்துப் போடக் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டேன். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் தேதி கேட்டு எழுத வேண்டும், நேரில் போய் நின்றால் மரியாதையாகத் திருப்பி அனுப்புவார்கள் என்றும் கற்றுக்கொண்டேன். மன்னிக்க மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. அதற்கு முயற்சியும் செய்யவில்லை.

நான் வேலை பார்ப்பது தெற்கே ஒரு சிறிய தொழில் நகரத்தில். வண்டிகளுக்கான வால்வுகள் செய்யும் கம்பெனியில் அளவு சரிபார்க்கும் வேலை. ஓசூரில் பதினொரு வருடம் பார்த்த அதே வேலைதான். போன மார்கழியில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு இடைவேளையில் தயிர்சாத டப்பாவைத் திறக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு அழைப்பு வந்தது. தெரியாத எண். எடுத்தேன்.

"யம்மா, முனியப்பா பேசறேன். கோர்ட்டு முனியப்பா. நல்லா கீறியாம்மா?"

முனியப்பா என்றால் தபேதார். நீதிபதியின் அறை வாசலில் நின்று பெயர் கூப்பிடுகிறவர், நீதிபதி வெளியே கிளம்பினால் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போகிறவர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்ட குரல்.

"சொல்லுங்கண்ணே," என்றேன்.

"ரிடையர் ஆயிட்டேன். மாலை போட்டு அனுப்பிட்டாங்க. பென்ஷன் பேப்பரும் கைக்கு வந்துடுச்சு. இனிமே என்னை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. அன்னிக்கு கையெழுத்து கேட்டியே, இப்ப போட்றேன்."

"எதுக்குண்ணே இப்ப?"

"அந்த ஜட்ஜய்யா இன்னும் பெரிய எடத்துக்குப் போகப் போறாருன்னு பேசிக்கிறாங்கம்மா. எனக்கு சோறு எறங்கல."

சாப்பாட்டு அறையில் முப்பது பேர் இருந்தார்கள். அவ்வளவு பேருக்கு நடுவில் நான் சிரித்தேன். பல வருடத்தில் அப்படிச் சிரித்ததில்லை. எதிரே இருந்த பெண், ஊரில் யாருக்காவது குழந்தை பிறந்திருக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

2

எங்கள் குடும்பம் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்காக ஓசூர் வந்தது. நான் கல்யாணம் செய்துகொண்டது கர்நாடக எல்லையோரத் தளிக்காரரை. அவர்களுக்குப் பூத்தோட்டம், வீட்டில் கன்னடம். நான் ஷிப்டுக்குப் போனால் மகள் தளியில் வளர்வாள். அதனால் அவளுக்கு முதலில் வந்த பேச்சு கன்னடம். நான் தமிழில் கேட்பேன், அவள் கன்னடத்தில் பதில் சொல்வாள். இருவருக்கும் அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

நானும் அவரும் ஏன் பிரிந்தோம் என்பதை எழுத மாட்டேன். அது மூடிய அறையில் நீதிபதி முன்னால் சொன்னது. அங்கேயே இருக்கட்டும்.

எந்த நீதிமன்றம் என்பதும் வேண்டாம். ஓசூரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் விசாரணை முடிந்து இருட்டுவதற்குள் திரும்பலாம், அவ்வளவுதான். என் வக்கீல் சரளா, குழந்தை சம்பந்தப்பட்ட வழக்கு, கதவை மூடிக் கேட்க வேண்டும் என்று மனுப் போட்டார். நீதிபதி ஒத்துக்கொண்டார். முனியப்பா எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். அந்தச் சத்தம் கேட்டபோது எனக்கு உடம்பே லேசானது. நம் வீட்டு அசிங்கம் ஊர் வாயில் விழாது என்று நினைத்தேன். அந்த நீதிபதியைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மகளுக்கு அப்போது ஆறு வயது. யாரிடம் இருக்க விருப்பம் என்று அவளிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார் நீதிபதி. அவர் தூத்துக்குடிப் பக்கம். பெயர் கேட்டார், இவள் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இது, பிள்ளைக்குத் தமிழ் வராதா?"

"கன்னடம்தான் சார் சரளமா வரும். முனியப்பா அண்ணனைக் கூப்பிட்டுக்குங்க."

ஆமாம், நான்தான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் இப்படித்தான் எல்லாம் நடக்கும். கம்பெனியில் புது மெஷின் வந்தால் இன்ஜினியர் இங்கிலீஷில் சொல்வார், சூப்பர்வைசர் அதைத் தமிழில் சொல்வார், பக்கத்தில் நிற்கிறவர் யாரோ அதைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்வார். யார் சொன்னது, சரியாகச் சொன்னாரா என்று யாரும் கேட்பதில்லை. கோர்ட்டில் மொழிபெயர்ப்பவருக்குச் சத்தியப் பிரமாணம் என்று ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது. நீதிபதிக்குத் தெரியும். அவரும் சரி என்றுவிட்டார்.

இருபது நிமிடம் கழித்து மகள் வெளியே வந்தாள். கையில் முனியப்பா கொடுத்த தேங்காய் பிஸ்கட். பஸ்ஸில் கேட்டேன், என்ன சொன்னாய் என்று. சொல்ல மாட்டேன் என்றாள். இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும் என்று ஜட்ஜ் மாமா சொல்லியிருக்கிறார், அதனால் சொல்லக் கூடாது என்றாள். ஓசூர் வரும்வரை நானும் என்னென்னவோ ஆசை காட்டிப் பார்த்தேன். பெற்றவளிடமும் அவள் வாயைத் திறக்கவில்லை.

ஆறு வயதுக் குழந்தை காப்பாற்றியதை அந்த நீதிபதி மூன்று நாள்கூடக் காப்பாற்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவிடம் போகிற முறை. தளி வீட்டில் அவளை நடுக்கூடத்தில் நிறுத்தி, நீ ஜட்ஜிடம் இப்படிச் சொன்னாயா என்று பெரியவர்கள் எல்லோரும் சுற்றி நின்று கேட்டிருக்கிறார்கள். அவள் அத்தை எனக்குப் போன் போட்டு, பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பினாயா என்று திட்டினாள். திட்டுகிற வேகத்தில் என் மகள் சொன்ன அந்த வாக்கியத்தையே சொன்னாள். அப்படித்தான் எனக்கே அது தெரியும்.

சாயங்காலம் மகளைக் கொண்டுவந்து விட்டார்கள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டாள்: "மூணு பேருன்னா எத்தனை பேரு?"

அதைத் தமிழில் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் கன்னடம் பேசவே இல்லை. இன்று அவளுக்கு ஜெர்மன் வரும், இங்கிலீஷ் வரும், பேசுகிற அளவுக்குத் தமிழ் வரும். முதலில் பேசிய மொழியில் ஒரு சொல்கூட மிச்சமில்லை.

3

முனியப்பாவைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். கோர்ட்டு சைக்கிள் ஸ்டாண்டில் பிடித்து, வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

"நான் சொல்லலம்மா. கெலவரப்பள்ளிகிட்ட ஒரு கிரகப்பிரவேசம். அய்யாகூட நான் போயிருந்தேன். பந்தியில உங்க எதிர் வக்கீலு பக்கத்து எல. பாயசம் ஊத்திக்கினு போறாங்க, அய்யா சிரிச்சிக்கினே சொல்றாரு, அந்தப் புள்ள என்னா சொல்லிச்சு தெரியுமான்னு. நான் பின்னாலதான் நின்னேன்."

பாயசத்துக்கு நடுவில் ஒரு தமாஷ். வேண்டுமென்றே செய்திருந்தால்கூட, காரியத்தோடு செய்தான் என்று இருந்திருக்கும். என் மகளின் மொழியே போனது ஒரு பந்திச் சிரிப்புக்காக என்பதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

"இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னும் பன்னெண்டு வருசம் சர்வீஸ் கீதும்மா," என்றார்.

உயர்நீதிமன்றத்தில் இருக்கும் புகார்ப் பிரிவுக்கு நானே ரிஜிஸ்தர் தபாலில் எழுதினேன். நீதிபதி மேல் புகார் என்றால் பிரமாணப் பத்திரம் வேண்டும், இல்லாமல் எடுத்துக்கொள்ள முடியாது என்று திரும்பி வந்தது. சரளா மேடத்திடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

"இங்க பாரு. உள்ள நடந்தத நீ வெளிய எழுதினா, விதிய மீறினது நீ. எழுதாம விட்டா, புகார்ல ஒண்ணுமே இல்ல. கேஸு இன்னும் அவர்கிட்டதான் இருக்கு, அதையும் யோசிச்சுக்கோ."

யோசித்தேன். யோசித்துவிட்டு, விவரம் எதுவும் சொல்லாமல், ரகசியத்தை வெளியிட்டார் என்று மட்டும் பிரமாணம் செய்து அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து இரண்டு வரி பதில் வந்தது. போதிய விவரம் இல்லாததால் புகார் முடித்துவைக்கப்படுகிறது. அதற்கு முன்பே அடுத்த வாய்தா வந்திருந்தது. கதவு திறந்திருக்க, பின்பெஞ்சு வரை ஆள் நிறைந்திருக்க, நீதிபதி என்னைப் பார்த்து, "என் மேல உனக்கு என்னம்மா புகார்?" என்று கேட்டார். என் கடிதம் ரகசியமாகப் போய் அவர் மேசைக்கே வந்து சேர்ந்திருந்தது. எனக்காக மூடிய கதவு கடைசியில் யாரைக் காப்பாற்றியது என்று அன்றைக்குப் புரிந்தது. வக்கீல்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றும் இல்லை சார் என்றேன்.

பிறகு அவருக்கு வழக்கமான மாறுதல் வந்தது. வந்த புது நீதிபதி மகளை என்னிடமே விட்டார். அவள் அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டார், பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். அவர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. எல்லாவற்றையும் அந்த நீதிபதிக்கென்று எடுத்து வைத்துவிட்டேன். எந்த மாறுதல் பட்டியல் வந்தாலும் அவர் பெயரைத் தேடிப் பார்ப்பேன். எந்த ஊர், எந்த நாற்காலி என்பது அவர் வீட்டுக்காரம்மாவைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

4

இங்கே வீட்டுக்கு வரும் கடிதம் எதையும் நான் தனியாகப் படிப்பதில்லை. காப்பீடு, வாடகை, பள்ளி, வெளிநாட்டவர் அலுவலகம் என்று எல்லாமே நீளமான ஜெர்மனில் வரும். மகள் படித்து எனக்குத் தமிழில் நாலு வரியில் சொல்வாள். நான் பதில் எழுதினால் அவள் பென்சிலால் திருத்திக் கொடுப்பாள். பத்து வயதிலிருந்து இந்த வேலை அவளுடையது. பதினைந்துக்குப் பிறகு அலுத்துக்கொண்டே செய்தாள். வீட்டில் அவளோடு சேர்ந்து உட்காருவதற்கு அந்தக் கடிதங்கள்தான் மிச்சம் என்பதால் நானும் ஒழுங்காக ஜெர்மன் படிக்கவில்லை.

போன வருடம் அவள் பள்ளியில் ஆலோசகர் ஒருவரிடம் அடிக்கடிப் போய்ப் பேசுகிறாள் என்று கேள்விப்பட்டேன். தேதி வாங்கிக்கொண்டு அந்த அம்மாளைப் பார்க்கப் போனேன். காபி கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், மகள் என்ன சொன்னாள் என்பதை மட்டும் கொடுக்கவில்லை. அவள் சொல்ல விரும்பினால் அவளே உங்களிடம் சொல்வாள் என்றார். பெற்ற தாயிடமே மறைக்கிற இவர்கள் என்ன படித்தவர்கள் என்று வீடு வரை பொருமிக்கொண்டே வந்தேன்.

முனியப்பா பேசிய வாரம், இரண்டு சாயங்காலங்கள் உட்கார்ந்து என் பிரமாணப் பத்திரத்தை இங்கிலீஷில் எழுதினேன். பன்னிரண்டு பத்தி. இந்த முறை ஒன்றையும் விடவில்லை. ஏழாவது பத்தியில் மகள் சொன்ன வாக்கியத்தைக் கன்னடத்திலேயே, இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, கீழே அர்த்தமும் போட்டேன். படிக்கப் படிக்க எனக்கு உடம்பு சூடானது. இதைப் படிக்கும்போது அந்த மனிதரின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்து, இன்னும் இரண்டு கடுமையான வார்த்தை சேர்த்தேன்.

பிறகு வழக்கம்போல மகளிடம் கொடுத்து, கொஞ்சம் இங்கிலீஷைத் திருத்திக் கொடு என்றேன். என்ன காகிதம், யாரைப் பற்றிய காகிதம் என்று எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. கடிதம் என்றால் அவள் கையில் கொடுப்பது கைப்பழக்கமாகிவிட்டது.

5

சனிக்கிழமை காலை. நான் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் காகிதங்களோடு சமையலறைக்கு வந்தாள். ஆறாவது பத்தி வரை பென்சில் திருத்தம் இருந்தது. ஏழாவதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"இது நான் சொன்னதா?"

"ஆமா. உனக்கு ஞாபகம் இல்லையா?"

"ரூம் ஞாபகம் இருக்கு. பிஸ்கட் ஞாபகம் இருக்கு. இது இல்ல." அர்த்தம் எழுதியிருந்த வரியில் விரலை வைத்தாள். "இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"அந்த ஜட்ஜுக்கு, முனியப்பா மாமாவுக்கு, அந்த வக்கீலுக்கு, உங்கப்பா வீட்டு ஆளுங்களுக்கு."

"நீ யார்கிட்டலாம் சொன்ன?"

நான் கொஞ்சம் பெருமையோடுதான் ஆரம்பித்தேன். என் நியாயத்துக்கு எத்தனை பேர் சாட்சி என்று காட்டுகிற வேகம். சரளா மேடம். கம்பெனியில் என் லைனில் இருந்த நான்கு பெண்கள். என் அக்கா, அத்தான், சித்தப்பா. இங்கே வந்த புதிதில் பக்கத்து வீட்டு இலங்கைக்கார அக்கா. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் மூன்று குடும்பம், கணவன் மனைவியாக. அப்புறம் அவர்களில் ஒருவருடைய மாமியார். நான் சொல்லச் சொல்ல அவள் காகிதத்தைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் கோடு கோடாகப் போட்டுக்கொண்டு வந்தாள். பதினாறில் நான் பேச்சை நிறுத்தினேன். அதற்குள் தாமதமாகிவிட்டது.

"அந்த ஆன்ட்டிங்க எல்லாம் என்னைப் பாத்தா தலைய தடவுவாங்க. ஏன்னு எனக்குத் தெரியாது. எல்லாப் பொங்கலுக்கும் தடவினாங்க," என்றாள்.

"நான் உனக்காகத்தான் சொன்னேன்."

"இல்லம்மா. உனக்கு அவரை அடிக்கணும். அடிக்க ஒரு கல்லு வேணும். நான் சொன்னதை எடுத்துக்கிட்ட." காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். "அவர் ஒரு ஆள்கிட்ட சொன்னார். நீ பதினாறு."

நான் அழுதேன், அவளைக் கட்டிக்கொண்டேன், மனம் திருந்தினேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். எனக்குக் கோபம்தான் வந்தது. அவனையும் என்னையும் ஒரே தராசில் வைக்கிறாயா, உனக்காக நான் எத்தனை வாய்தாவுக்கு அலைந்தேன் தெரியுமா என்று கத்தினேன். அவள் போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அடுப்பில் தண்ணீர் வற்றி இட்லிப் பானை அடிப்பிடித்தது. மூன்று நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை.

நான்காவது நாள் தொழிற்சாலையில், ஒரு வால்வை அளவுகோலில் வைத்தபடி, அந்தப் பதினாறு பேரையும் முகம் முகமாக நினைத்துப் பார்த்தேன். அவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்ததில் அளவுகளை மாற்றி எழுதிவிட்டேன். அன்று நான் சரிபார்த்த பெட்டியை இன்னொருவர் மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்தது.

6

மாசியில் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. கேக் வெட்டிய கையோடு சொன்னாள்.

"புகாரை நான் எழுதறேன். என் பேர்ல. நீ அனுப்பக் கூடாது. நான் எழுதறதை நீ படிக்கவும் கூடாது."

"அந்த வாக்கியத்தை எழுதுவியா?"

"எழுதுவேனா மாட்டேனான்னு நான் பாத்துக்கறேன்."

முனியப்பாவின் எண்ணைக் கேட்டு வாங்கி அவளே பேசினாள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. அவர் கன்னடத்தில் குசலம் விசாரித்தார். அவளுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறினார்.

"மாமா, அவர் அந்த ஃபங்ஷன்ல சொன்னார்னு மட்டும் எழுதுங்க. நான் என்ன சொன்னேன்னு எழுதாதீங்க."

"அதெங்க கண்ணு எழுதறது. நீ சொன்னது எனக்கு அன்னிக்கே மறந்துபோச்சே," என்றார்.

மறந்திருக்கவே முடியாது. கடைசிப் பாயசம் வரை ஞாபகம் வைத்திருந்த மனிதர். அந்த அறையில் இருந்த இரண்டு பெரியவர்களில் அவர்தான் நீதிபதியாக இருந்திருக்க வேண்டும்.

இந்தியத் துணைத் தூதரகத்தில் தேதி வாங்கி, அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு, அவளே தபாலில் சேர்த்தாள். ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது. இந்தக் குறிப்புகளையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். தன் பெயர் வேண்டாம், அந்த வாக்கியம் வேண்டாம் என்றாள். இரண்டும் இல்லை. பொங்கல் குடும்பங்கள் மூன்றுக்கும் போன் செய்து, நான் சொன்னதை இனி யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு வீட்டில், எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில், எங்கள் பிள்ளைகளிடம் மட்டும்தான் சொன்னோம் என்றார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஊரிலிருந்து பதில் வந்தது. உறையின் மேல் அவள் பெயர். தபால் பெட்டியிலிருந்து எடுத்துவந்த நான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். மேசைமேல் வைத்தேன். அவள் வந்து பிரித்து, நின்றபடியே இரண்டு முறை படித்து, மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன போட்டிருக்கு? அவர்கிட்ட விளக்கம் கேட்டுட்டாங்களா?"

"அது எனக்கு வந்த லெட்டர்மா."

அந்தப் பை இப்போதும் முன்னறை ஆணியில்தான் தொங்குகிறது. அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் நான் அதைக் கடந்து போகிறேன். கை வைக்கவில்லை. அந்த மனிதர் தலைகுனிந்து நிற்க வேண்டும் என்று பன்னிரண்டு வருடம் கேட்டேன், இன்றும் கேட்கிறேன், ஒரு அணுவும் குறையவில்லை. அவர் குனிந்தாரா என்பது இந்த வீட்டில் ஒருத்திக்குத் தெரியும், அவள் என்னிடம் சொல்ல மாட்டாள்.